ஆமை வராத இரவுகள்

ஜனவரி பிறந்தால் சென்னையில் ஒரு கூட்டம் தூக்கத்தை மூட்டை கட்டி வைத்துவிடும். கல்லூரி மாணவர்கள், ஐ.டி. ஊழியர்கள், ஓய்வு பெற்றவர்கள் என்று எல்லோரும் அதில் உண்டு. இரவில் நீலாங்கரையில் கூடி, பெசன்ட் நகர் வரை சுமார் 7 கிலோமீட்டர் மணலில் நடப்பார்கள். தேடுவது ஆமைத் தடத்தை. 1970களில் ஊர்வன ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கரும் நண்பர்களும் தொடங்கிய நடையை, 1988 முதல் மாணவர் கடல் ஆமைப் பாதுகாப்பு அமைப்பு தொடர்கிறது. சம்பளம் கிடையாது. பெரும்பாலான இரவுகளில் ஆமையும் கிடையாது.

இதே கரையை ஒட்டித்தான் கிழக்குக் கடற்கரைச் சாலை ஓடுகிறது. அதன் ஓரத்து விடுதிகளில் நிறுவனங்கள் ஊழியர்களுக்குக் கயிறிழுக்கும் போட்டி வைத்துக் ‘குழு உணர்வு’ கற்றுத் தருகின்றன. மேலாளர் எந்த அணியில் இருக்கிறாரோ அந்த அணி ஜெயித்துவிடுவதும் உண்டு.

மணலில் கதை வேறு. மீனவர்கள் பங்குனி ஆமை என்று சொல்லும் ஆலிவ் ரிட்லி, முட்டையிட்டதும் குழியை மூடி, உடம்பாலேயே தட்டி இறுக்கி, சுற்றிலும் மணலை வாரியிறைத்துவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடும். மிஞ்சுவது கலைந்த மணல் வட்டம் ஒன்று. அதற்குள் குழி எங்கே? பழகியவர் ஒரு குச்சியை மெல்ல ஊன்றிப் பார்ப்பார். இங்கே கெட்டி, அங்கேயும் கெட்டி. இன்னோர் இடத்தில் குச்சி சட்டென்று உள்ளே இறங்கும். கொஞ்சம் அதிகமாக அழுத்தினால் முட்டை உடைந்துவிடும். அந்த நிதானம் கைவந்தவள் 20 வயது மாணவியாக இருக்கலாம். முட்டைகளுக்காக அவளிடம் பை விரித்துப் பிடித்து நிற்பவர் பகலில் 50 பேரை வேலை வாங்குபவராக இருக்கலாம். யார் எதைச் செய்வது என்பதைக் கை தீர்மானிக்கிறது, பதவி அல்ல.

பிறகு ஒருவர் முட்டைகளை எடுக்க, ஒருவர் எண்ண, ஒருவர் குழியின் ஆழத்தை அளப்பார். ஏறக்குறைய ஒன்றரை அடி. அதே ஆழத்தில், அதே குடுவை வடிவில் பொரிப்பகத்தில் குழி தோண்டி, நூற்றுச் சொச்சம் முட்டைகளையும் குலுங்காமல் சில மணி நேரத்துக்குள் புதைத்தாக வேண்டும். குழியைக் கண்டுபிடிக்கத் தாமதித்தால் நாய் முந்திக்கொள்ளும். குலுக்கினால் கரு தங்காது.

திட்டம் போட்டபடி எந்த இரவும் நடப்பதில்லை. கடல் ஏறிக் கரையைத் தின்றிருக்கும். ஒரே நேரத்தில் இரண்டு தடங்கள் தென்பட்டால் கூட்டம் அங்கேயே இரண்டாகப் பிரியும். 2025 ஜனவரியில் சென்னையை ஒட்டிய கரைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் செத்து ஒதுங்கின. முட்டை தேடிப் போனவர்கள் பிணங்களை எண்ணிக் குறித்தார்கள். பொழுதுபோக்குக்கு வந்தவர்கள் திரும்பிப் போயிருக்கலாம். யாரும் தடுத்திருக்க மாட்டார்கள். குறிப்பேட்டைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள்.

ஏறக்குறைய 45 நாள் கழித்துக் குஞ்சுகள் மணலைத் தள்ளிக்கொண்டு வரும். நகரத்து விளக்கைக் கடல் என்று எண்ணித் தப்பான பக்கம் ஊர்ந்துவிடும் என்பதால், ஒருவர் டார்ச்சோடு அலைவிளிம்பில் நிற்பார். கணுக்காலைச் சுற்றிக் குஞ்சுகள் போய்க்கொண்டிருக்கும்வரை அவர் காலைத் தூக்கக் கூடாது. அலை காலடி மணலை அரித்துக்கொண்டு போகும். பின்னால் நிற்பவர் சட்டையைப் பிடித்துக்கொள்வார்.