எண்ணெய் விற்கும் சவூதி மின்சாரக் கார் தயாரிப்பது ஏன்?

எண்ணெய் விற்றுச் செல்வம் சேர்த்த நாடு, எண்ணெயே தேவைப்படாத கார்களைத் தயாரிக்கத் தொடங்கியிருக்கிறது. ஜித்தாவுக்கு வடக்கே, செங்கடல் கரையில் உள்ள மன்னர் அப்துல்லாஹ் பொருளாதார நகரில் 2023 செப்டம்பரில் அமெரிக்காவின் லூசிட் நிறுவனம் மின்சாரக் கார் தொழிற்சாலையைத் திறந்தது. அந்நிறுவனத்தின் பெரும்பான்மைப் பங்குகள் சவூதி அரசின் பொது முதலீட்டு நிதியத்திடம் உள்ளன. அதற்கு முந்தைய ஆண்டே 'சீர்' என்ற உள்நாட்டு மின்கார் நிறுவனத்தைப் பட்டத்து இளவரசர் முஹம்மத் பின் சல்மான் அறிவித்திருந்தார். 2030க்குள் ரியாத்தில் ஓடும் வாகனங்களில் 30 சதவீதம் மின்சாரத்தில் ஓட வேண்டும் என்பது அரசின் இலக்கு.

இதன் காரணம் எளிய கணக்குதான். உலகில் செலவாகும் எண்ணெயில் பாதியை நெருங்கும் பங்கு சாலை வாகனங்களுக்கே போகிறது. அந்த வாகனங்கள் வேகமாக மாறி வருகின்றன. 2024ல் உலகெங்கும் 1.7 கோடிக்கும் அதிகமான மின்கார்கள் விற்பனையாயின. அதாவது, ஐந்து புதிய கார்களில் ஒன்றுக்கும் மேல். சவூதி எண்ணெயை அதிகம் வாங்கும் சீனாவில் இது பாதியை நெருங்கிவிட்டது. நார்வேயும் எண்ணெய் விற்கும் நாடுதான். அங்கே அதே ஆண்டு விற்ற புதிய கார்களில் சுமார் 89 சதவீதம் முழு மின்கார்கள்.

எண்ணெய்க் கிணறுகள் நாளையே வற்றிவிடப் போவதில்லை. விமானம், கப்பல், பிளாஸ்டிக் என்று எண்ணெய்க்குத் தேவை இருந்துகொண்டே இருக்கும். ஆனால் சந்தையில் சரக்கு கொஞ்சம் மிஞ்சினாலே விலை சரிந்துவிடும். 2014ன் நடுவில் பீப்பாய் 100 டாலருக்கு மேல் விற்ற எண்ணெய், 2016 தொடக்கத்தில் 30 டாலருக்கும் கீழே இறங்கியது.

அதன் வலி நம் வீடுகளுக்கும் வந்தது. அந்த ஆண்டு சவூதியில் சில நிறுவனங்கள் பல மாதச் சம்பளத்தை நிறுத்த, ஆயிரக்கணக்கான இந்தியத் தொழிலாளர்கள் முகாம்களில் உணவுக்கே தவித்தார்கள். 2017 ஜூலையில், உடன் தங்கும் குடும்பத்தினர் ஒவ்வொருவருக்கும் மாதம் 100 ரியால் கட்டணம் விதிக்கப்பட்டது. 2020ல் அது 400 ரியாலாக உயர்ந்தது. மனைவி மக்களை ஊருக்கு அனுப்பிவிட்டுத் தனியே தங்கியவர்களை நாம் அறிவோம்.

புதிய தொழிற்சாலைகள் இந்த இழப்பை ஈடுசெய்யுமா? லூசிட் ஆலையின் தொடக்கத் திறன் ஆண்டுக்கு 5,000 கார்கள்தான். அமெரிக்காவிலிருந்து வரும் பாகங்களை அங்கே பொருத்துகிறார்கள். 10 ஆண்டுகளில் ஒரு லட்சம் கார்கள் வரை தானே வாங்கிக்கொள்வதாக அரசு ஒப்பந்தம் செய்திருக்கிறது. தவிர, இந்த வேலைகளைச் சொந்த நாட்டு இளைஞர்களுக்குக் கொடுப்பதே சவூதியின் திட்டம். அதில் தவறு காண முடியாது.

ஆக, கற்றுக்கொள்ள வேண்டியது நாம்தான். வருமானம் ஒரே இடத்திலிருந்து வருவது ஆபத்து என்று எண்ணெய் வளம் மிக்க அரசே உணர்ந்து வேறு வழி தேடுகிறது. நம் குடும்பங்களோ இன்றும் பிள்ளை பள்ளிப் படிப்பை முடித்ததும் பாஸ்போர்ட்டை எடுத்து வைக்கின்றன. பேட்டரி, மோட்டார், சார்ஜிங் தொடர்பான தொழிற்பயிற்சி பெற்றவருக்கு ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் மின்வாகன ஆலைகள் இருக்கின்றன. தூத்துக்குடியில் வியட்நாமின் வின்ஃபாஸ்ட் ஆலை 2025ல் திறக்கப்பட்டிருக்கிறது. வளைகுடாவுக்கே போவதானாலும், கையில் ஒரு தொழிலோடு போகிறவரின் நிலை வேறு. விசாவுக்குப் பணம் திரட்டும் முன், அந்தத் தொகையில் ஒரு பகுதியைப் படிப்புக்குச் செலவிடலாமா என்று வீட்டில் உட்கார்ந்து பேசுவது நல்லது.