நமக்கும் ஒரு நடைபாதை

கண்டி ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடியும் 'பெக்கோ ட்ரெயில்' பற்றி இப்போது பெரிதாகப் பேசப்படுகிறது. 300 கிலோமீற்றருக்கு மேல், 22 கட்டங்கள். பெரும்பகுதி வெள்ளைக்காரன் காலத்துத் தோட்டப் பாதைகள். அவற்றை வெட்டியவர்கள் யார் என்று இப்பத்திரிகையின் வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வெளிநாட்டார் வந்து நடக்கட்டும். வழியில் நம் பிள்ளைகளுக்கும் நாலு காசு கிடைத்தால் சந்தோஷமே.

ஆனால் அதே மலையில் லயத்துப் படிக்கட்டைப் பாருங்கள். முப்பது வருடம் கொழுந்துக் கூடை சுமந்து முழங்கால் தேய்ந்தவர்கள், பேர் வெட்டிய பிறகு இஸ்தோப்பை விட்டு இறங்குவதே இல்லை. சீனி, பிரஷர் என்று கிளினிக் போனால் "தினமும் நடங்கள்" என்கிறார்கள். எங்கே நடப்பது?

எங்கள் தோட்டத்து இளைஞர்கள் கடந்த டிசம்பர் விடுமுறையில் ஐந்து ஞாயிற்றுக்கிழமை சிரமதானம் செய்தார்கள். கோயிலடியிலிருந்து பாடசாலை வரை, மரநிழலில், சக்கர நாற்காலி போகக்கூடிய பாதை. 1 அடி உயர 12 அடி நீளம் வேண்டும் என்பது கணக்கு. 4 அடி மேடு என்றால் 48 அடி சுற்ற வேண்டும். இதை 9ஆம் வகுப்புப் பிள்ளைகளே கயிறு பிடித்து அளந்தார்கள். (வகுப்பில் தூங்குகிறவர்கள்தான் முன்னால் நின்றார்கள்.) மழை அரிக்காதிருக்கக் குறுக்கே கான் வெட்டினார்கள். கைபிடிக்கு மூங்கில், உட்கார இரண்டு பலகை.

"நாளெல்லாம் மலையில நடக்கிறவளுக்கு நடை வேறயா?" என்று சில அக்காமார் சிரித்தார்கள். நியாயமான கேள்விதான். சுமையோடு, நிறுவையை நினைத்துக்கொண்டு, அட்டைக்கடியில் ஏறுவது வேலை. கையை வீசிக்கொண்டு, பேச்சுத் துணையோடு போவது வேறு. இப்போது மாலை ஐந்து மணிக்கு அந்தப் பலகையில் இடம் பிடிக்க வேண்டியிருக்கிறது.

நிர்வாகம் வந்து பார்த்துப் பாராட்டியது. ஒரு மூட்டை சீமெந்து கேட்டோம், பதில் இல்லை. இங்கேதான் நாம் கவனமாக இருக்க வேண்டும். சிரமதானம் நம் பிள்ளைகளின் நல்ல மனசு. அது கம்பனியின் கடமைக்குப் பதில் ஆகாது. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டப்படி, மற்றவர்கள் போகக்கூடிய இடத்துக்கு மாற்றுத்திறனாளி ஒருவர் போவதைத் தடுக்க முடியாது. படிக்கட்டும் ஒரு தடைதான்.

ஆகவே ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் தமது தோட்டத்தில் ஒரு பாதையை அளந்து, தேவையான சீமெந்து, குழாய், ஆள் நாள் எல்லாவற்றையும் எழுதி, தலைவர் கையொப்பத்தோடு நிர்வாகத்திடம் கொடுக்க வேண்டும். பராமரிப்பு வேலை பெரட்டில் பேர் போட்டு, சம்பளத்தோடு நடக்க வேண்டும் என்பதையும் அதில் சேருங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம்; பிரதி ஒன்று சங்கக் காரியாலயத்துக்கு வரட்டும்.

எங்கள் பாதையில் பாடசாலை வாசலில் இன்னும் மூன்று கல்படி மிச்சம். அதை உடைக்க அனுமதி வரவில்லை. நாற்காலியில் வரும் பிள்ளையை அந்த மூன்று படிக்கும் அவளுடைய அப்பாதான் தூக்கி இறக்குகிறார், வேலைக்குப் போவதற்கு முன் ஒரு தரம், பகலில் ஓடிவந்து ஒரு தரம்.