சூரிய மின்சாரமும் சுவர்த் துவாரமும்

காற்றாலைச் சோதனை நிலையம் அமைந்துள்ள கயத்தாற்றுப் பிரதேசத்தில், வானத்தினின்று மின்சாரம் எடுப்பது குடியானவர்களுக்குப் புதுமையன்று. 2024-ம் வருஷம் மத்திய சர்க்கார் வீட்டுக் கூரைச் சூரியப் பலகைகளுக்கு ரூ. 78,000 வரை உதவித்தொகை அறிவித்தபின், காரைவீடு உடையோர் பலரும் இதில் நாட்டங் கொண்டுள்ளனர். பலகையின் விலையை மாதக்கணக்கில் விசாரிப்போர், கம்பி வீட்டினுள் நுழையும் துவாரத்தை மட்டும் கூலியாளின் சௌகரியத்திற்கு விட்டுவிடுகின்றனர். இது பெருந்தவறு.

துவாரம் உட்புறம் உயர்ந்து வெளிப்புறம் தாழ்ந்திருத்தல் வேண்டும். கம்பியும் நுழையுமுன் கீழே தொங்கி வளைந்து மேலேறினால், மழைநீர் அவ்வளைவிலேயே சொட்டிவிடும். வரப்பில் மடை வைக்கத் தெரிந்தவருக்கு இதனை விவரிக்க வேண்டுவதில்லை. 2023 டிசம்பரில் இந்த ஜில்லாவின் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. அத்தகைய மழையில் சாய்வு தவறிய துவாரம் வாய்க்காலாகும். அதன் நேர்கீழே இன்வர்ட்டரை மாட்டுவோரும் உளர்!

சுவரினுள் குழாய் செருகி, அதனூடே கம்பியைச் செலுத்தி, இரு வாய்களையும் அடைத்தல் அவசியம்; வெறுஞ் செங்கல்லில் உராய்ந்தால் உறை கிழியும். பலகையினின்று வருவது ஒருதிசை மின்சாரம். வெயில் உள்ளவரை பலகையில் அது ஓய்வதில்லை. கிழிந்த இடத்தில் எழும் பொறியும் எளிதில் அணைவதில்லை. ஆகையால் வீட்டுக் கம்பிகளுடன் அதனை ஒரே குழாயில் சேர்த்தலாகாது. சாதாரணக் கம்பியின் உறை வெயிலில் வெடிக்குமாதலால், சூரிய மின்சாரத்துக்கென்றே செய்த கம்பியைக் கேட்டு வாங்குக.

பஞ்சாயத்துக் கட்டிடங்களில் பலகை அமைக்கும்போது கிராம உத்தியோகஸ்தர்கள் இவற்றை ஒப்பந்தத்திலேயே எழுதச் செய்து, துவாரத்தை நேரில் பார்த்தபின் கடைசித் தவணையைக் கொடுப்பது தகும்.