கண்டியின் காற்றுக்குக் கிழமை தெரியுமா?

மாதமும் வருடமும் வானத்தில் இருந்து வந்தவை. ஏழு நாள் கிழமை மனிதன் வகுத்த கணக்கு. ஆகவே மழையோ வெயிலோ ஏழு நாளுக்கொருமுறை கூடிக் குறைந்தால், அதில் எங்கள் கை இருக்கிறது என்றே சந்தேகிக்க வேண்டும்.

அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையோரத்தில் சனிக்கிழமைகளில் மழை அதிகம், திங்களில் குறைவு என்று 1998இல் சேர்வெனி, போலிங் என்ற இருவர் 'நேச்சர்' சஞ்சிகையில் எழுதினார்கள். புகையின் நுண்துகள்களில் நீராவி ஒட்டி எண்ணற்ற சிறு துளிகளாகிறது. அவை உடனே விழாமல் மேகத்தோடு மேலேறுவதால், சில வேளைகளில் இடிமழை வலுக்கிறது என்பது விளக்கம். பின்னர் தேடிய சிலர் அப்படியொரு ஒழுங்கே இல்லை என்றார்கள். விவாதம் முடியவில்லை.

கண்டி மழையை மலைகளும் பருவக்காற்றும் ஆள்கின்றன. அதில் கிழமைக் கணக்கு இலகுவில் தெரியும் என்று நான் நம்பவில்லை. ஆனால் காற்று வேறு கதை. கொழும்பின் புகையைக் கடற்காற்று கொண்டுபோய்விடும். மலைகள் சூழ்ந்த கிண்ணம் போன்ற கண்டியில், காலைக் குளிர்காற்றின் மேல் சூடான காற்று மூடிபோட, பாடசாலை வான்களும் பஸ்களும் கக்கும் புகை வீதி மட்டத்திலேயே தேங்குகிறது. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இரசாயனவியல் பேராசிரியராக இருந்த ஒலிவர் இலேபெரும இதை முன்னரே எச்சரித்திருக்கிறார். பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடிய வாகனங்களுக்குப் பின்னால் சைக்கிள் மிதித்தவர்களுக்குப் புகையைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

2022 டிசம்பர் 9ஆம் திகதி மோசமான காலநிலையாலும் மாசடைந்த காற்றாலும் நாட்டின் பாடசாலைகள் மூடப்பட்டன. அப்போது இந்தியாவில் இருந்து வந்த தூசு என்றார்கள். அது உண்மைதான். ஆனால் கடல் தாண்டி வரும் தூசுக்குத் திங்களும் ஞாயிறும் ஒன்றே. ஞாயிறன்று எவ்வளவு குறைகிறதோ, அவ்வளவாவது கண்டியே உண்டாக்கும் மாசு.

இதைச் சரிபார்க்க எங்களிடம் அமெரிக்கர்களுக்கு இல்லாத ஒரு வசதியும் உண்டு: போயா. அது எந்தக் கிழமையிலும் வரும். போயா வந்த புதன்கிழமைக் காற்று ஞாயிற்றுக்கிழமைக் காற்றைப் போல இருந்தால், இந்தியாவைக் கைகாட்டித் தப்ப முடியாது. 2020 ஊரடங்கு, 2022 எரிபொருள் தட்டுப்பாடு என இன்னும் இரண்டு பரிசோதனைகள் தாமாகவே நடந்து முடிந்துவிட்டன.

வருட சராசரி அந்தப் புகையைச் சுவாசிப்பவர்களுக்கு உதவாது. பஸ் நிலையத்தில் கடலை விற்பவரும் காலை ஏழு மணிக்கு வீதி கடக்கும் பிள்ளையும் சுவாசிப்பது கிழமை நாளின் காற்றை. மத்திய சுற்றாடல் அதிகாரசபை கண்டியின் அளவீடுகளை நாள்வாரியாக, மணிவாரியாக, தமிழிலும் வெளியிடட்டும். பாடசாலை நேரத்தை மாற்றுவதா, நகருக்குள் வாகனங்களைக் குறைப்பதா என்று அதன்பிறகு பேசலாம்.