புதுத் தொட்டியில் மீன் ஏன் சாகிறது?



மீன்தொட்டி பற்றி எழுதச் சொல்லி வந்த கடிதங்கள் எல்லாம் ஏறத்தாழ ஒரே கதையைத்தான் சொல்கின்றன. சுயதொழில் உதவியாகத் தொட்டி கிடைத்தது. கண்ணாடி பளபளவென்று இருந்தது, தண்ணீரும் தெளிவாக இருந்தது. முதல் நாலு நாள் மீன்கள் துள்ளி ஓடின. பிறகு ஒவ்வொன்றாக மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. பத்தாம் நாள் பார்த்தால் தண்ணீர் மட்டும்தான் மிச்சம்.

ஹட்டனுக்குக் கிட்ட ஒரு தோட்டத்தில் இருக்கும் தங்கச்சி ஒருவருக்கும் போன வருஷம் இதுவே நடந்தது. அவருடைய தாய் தகப்பன் 1977 கலவரத்துக்குப் பின் மலையகத்தை விட்டு வன்னிக்குப் போனவர்கள். அவர் பிறந்து வளர்ந்தது கிளிநொச்சியில். 2009 இல் கணவரை இழந்து, செட்டிகுளம் முகாமில் இருந்து, பிறகு கைப்பிள்ளையோடு சித்தியின் லயத்துக்கு வந்து சேர்ந்தார். தொட்டியோடு அவருக்குக் கொடுத்தது முப்பது கப்பி மீன். ஒன்பது நாளில் இருபத்தாறு செத்துப்போயின. “தாலி அறுத்தவ கை பட்டா எதுதான் தங்கும்” என்று பக்கத்துக் காம்பராவில் ஒருத்தி சொன்னாளாம். அதைவிட எனக்கு வருத்தம் தந்தது, இவரும் அதை நம்பத் தொடங்கியதுதான். “ஏங் கைக்கு எதுவுமே தங்காதுக்கா” என்றார்.

சகோதரிகளே, அந்தத் தொட்டியை ஒரு சுமங்கலி வைத்திருந்தாலும் அந்த மீன்கள் செத்திருக்கும். பத்துப் பிள்ளை பெற்றவர் வைத்திருந்தாலும் செத்திருக்கும். கொன்றது கைராசியல்ல. அதன் பெயர் அமோனியா.

மீன் தான் இருக்கும் தண்ணீருக்குள்ளேயே கழிவையும் விடுகிறது. மலத்தில் மட்டுமல்ல, அதன் பூ, அதாவது செவுள், வழியாகவே அமோனியா ஓயாமல் வெளியேறுகிறது. தின்னாமல் மிஞ்சிய தீன் அழுகினாலும் அமோனியாதான் வரும். ஆற்றில் இதை வெள்ளம் கொண்டுபோய்விடும். தொட்டியில் அது எங்கே போகும்? நாளுக்கு நாள் கூடும், செவுளைச் சுட்டுப் புண்ணாக்கும். தண்ணீரோ கண்ணாடிபோலத் தெளிவாகவே இருக்கும், ஏனென்றால் அமோனியாவுக்கு நிறமில்லை. நாம் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

பழைய தொட்டிகளில் மீன் சாகாததற்குக் காரணம், அங்கே குடியிருக்கும் நுண்ணுயிர்கள். ஒரு வகைப் பற்றீரியா அமோனியாவைத் தின்று நைத்திரைற்று ஆக்குகிறது. இன்னொரு வகை அந்த நைத்திரைற்றைத் தின்று நைத்திரேற்று ஆக்குகிறது. இரண்டு பெயரும் ஒன்றுபோல ஒலிக்கின்றன, குணம் வேறு. நைத்திரைற்றும் நஞ்சுதான். அது இரத்தத்துக்குள் போய் ஒட்சிசனைச் சுமக்கவிடாமல் செய்கிறது. காற்று இருந்தும் மீன் மூச்சுத் திணறும், செவுள் மண்ணிறமாகும். நைத்திரேற்று அவ்வளவு கொடியதல்ல. கிழமைக்கொரு தடவை கொஞ்சத் தண்ணீர் மாற்றினால் குறைந்துவிடும். பாசியும் செடியும் அதை உறிஞ்சிக்கொள்ளும். இந்த வரிசை முழுவதையும் நைதரசன் வட்டம் என்கிறார்கள்.

இந்தப் பற்றீரியாக்கள் தண்ணீரில் மிதந்து திரிவது குறைவு. வடிகட்டி ஸ்பொஞ்சிலும், கல்லிலும், கண்ணாடியிலும் ஒட்டிக்கொண்டு வாழும். அவை மிக மெதுவாகப் பெருகுபவை. சூடான இடத்திலேயே முழுமையாகக் குடியேற நாலு முதல் ஆறு கிழமை எடுக்கும். பொதுவாக இரண்டாம் கிழமையளவில் அமோனியா உச்சிக்குப் போய் இறங்கும், அதன்பின் நைத்திரைற்று ஏறும். அதுவும் இறங்கிய பிறகுதான் தொட்டி மீனுக்குத் தயார்.

இந்த விடயத்தில் ஒரு தகப்பனும் மகனும் உழைத்திருக்கிறார்கள். 1850 இல் ரொபர்ட் வாரிங்டன் என்ற ஆங்கிலேய இரசாயன அறிஞர் மீனையும் செடியையும் நத்தையையும் ஒரே தொட்டியில் வைத்து, அவை ஒன்றையொன்று வாழவைப்பதைக் காட்டினார். அதே பெயருள்ள அவருடைய மகன், அமோனியா மண்ணில் எப்படி மாறுகிறது என்று வருடக்கணக்காக ஆராய்ந்தார். ஆனால் அந்த நுண்ணுயிர்களைத் தனியே பிரித்தெடுத்தவர் வினோகிராட்ஸ்கி என்ற ரஷ்ய நாட்டவர், 1890 அளவில். மகன் வாரிங்டன் மண்ணைப் பார்த்ததில் ஆச்சரியம் இல்லை. தேயிலை மலையில் நாம் போடும் யூரியாவும் மண்ணுக்குள் அமோனியாவாகி, பிறகு இதே மாதிரியான பற்றீரியாக்களால்தான் நைத்திரேற்றாகிறது. கூடை சுமந்த நம் பெண்களின் காலடியில் காலங்காலமாக நடக்கும் வேலைதான் இது.

இனி நம் ஊர்க் குளிர். புத்தகங்களில் போட்டிருக்கும் ஆறு கிழமைக் கணக்கு 25 முதல் 28 பாகை சூட்டுக்கு உரியது. தண்ணீர் 18 பாகைக்கு இறங்கினால் இந்தப் பற்றீரியாக்களின் வேகம் ஏறக்குறையப் பாதியாகிவிடும். நுவரெலியாவில் சராசரியே 16 பாகைதான்; தை மாதத்தில் புல்லில் உறைபனி விழும் ஊர். வெள்ளைக்காரர் 1880களில் ட்ரவுட் மீனை அங்கே கொண்டுவந்து விட்டது இந்தக் குளிரை நம்பித்தான். கப்பியோ வெயில் நாட்டு மீன். ஆகவே ஹட்டனில் இருப்பவர்கள் எட்டுக் கிழமை என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நுவரெலியாப் பக்கம் என்றால் ஹீட்டர் இல்லாமல் கப்பி வேண்டாம், தங்கமீன் வையுங்கள். அது குளிரைத் தாங்கும். ஆனால் கழிவு அதிகம் விடும் மீன், ஆகையால் எண்ணிக்கை குறைவாக இருக்கட்டும். மீன் வந்த ரெஜிபோம் பெட்டியை எறியாமல் வெட்டி, தொட்டியின் மூன்று பக்கமும் ஒட்டினால் இராக்குளிர் கொஞ்சம் அடங்கும். அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தால் சூடாக இருக்குமே என்று சிலர் நினைப்பார்கள். விறகுப் புகை தண்ணீருக்கு நல்லதல்ல.

நமது பீலித் தண்ணீரில் இன்னொரு குணமும் உண்டு. மலை ஊற்று பெரும்பாலும் மென்னீர். சுண்ணாம்புச் சத்துக் குறைவு. பற்றீரியா வேலை செய்யச் செய்யத் தண்ணீர் புளிப்புப் பக்கம் சாயும். அதைத் தடுத்து நிறுத்தச் சுண்ணாம்புச் சத்து இல்லாவிட்டால், ஒரு கட்டத்தில் பற்றீரியா வேலையையே நிறுத்திவிடும். இதற்கு மருந்து கடற்கரையில் கிடக்கிறது. முல்லைத்தீவிலோ மட்டக்களப்பிலோ உறவுக்காரர் இருந்தால், வெற்றுச் சிப்பி ஓடு ஒரு பிடி கொண்டுவரச் சொல்லுங்கள். கழுவி, அவித்து, வடிகட்டிக்குப் பக்கத்தில் போட்டுவிட்டால் போதும், மெல்ல மெல்லக் கரையும். யாழ்ப்பாணத்து வாசகிகளுக்கு இந்தத் தேவை இல்லை. உங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணக்கல்லில் இருந்து வருவது. ஆனால் அந்தத் தண்ணீரில் அதே அளவு அமோனியா கூடுதலாகக் கடிக்கும், கவனம்.

சரி, எப்படித் தொடங்குவது? சுருக்கமான வழி ஒன்று உண்டு. தயிருக்கு உறை ஊற்றுகிறோம் அல்லவா, அதுபோலத்தான். மாதக்கணக்காக மீன் நலமாக இருக்கும் ஒரு தொட்டியின் ஸ்பொஞ்சில் ஒரு துண்டைக் கேட்டு வாங்கி, அந்தத் தொட்டித் தண்ணீரிலேயே நனைந்தபடி கொண்டுவந்து, உங்கள் வடிகட்டியோடு வைத்துவிடுங்கள். வழியில் காயக்கூடாது, அன்றைக்கே போடவேண்டும். நோய் வந்த தொட்டியிலிருந்து மட்டும் எடுக்க வேண்டாம். ஒரு குழுவில் ஒருவரின் தொட்டி பழுத்துவிட்டால் மற்ற எல்லோருக்கும் அதிலிருந்து உறை கிடைக்கும். இதனால்தான் பத்துப் பேரும் ஒரே நாளில் தொடங்குவதை நான் விரும்புவதில்லை.

உறை கிடைக்காதவர்கள் மீனில்லாத தொட்டியில் எயார் பம்பை ஓடவிட்டு, தினமும் ஒரு சிட்டிகை தீனைப் போடுங்கள். அது அழுகி அமோனியா வர, பற்றீரியா தானாக வந்து பெருகும். வெறும் தொட்டிக்குத் தீன் போடுவதைப் பார்த்துச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

மீனோடுதான் தொட்டி வந்தது, திருப்பிக் கொடுக்க முடியாது என்றால், 50 லீற்றர் தொட்டியில் நாலைந்து கப்பியை மட்டும் வைத்துக்கொண்டு, மிச்சத்தைப் பழைய தொட்டி உள்ள யாரிடமாவது ஒப்படையுங்கள். தீன் ஒருநாள் விட்டு ஒருநாள் போதும், இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவு. பசியால் செத்த கப்பியை நான் கண்டதில்லை. பிள்ளைகள் ஆசையில் அள்ளிப் போடுவார்கள், டப்பாவை எட்டாத இடத்தில் வையுங்கள். தினமும் கால்வாசித் தண்ணீரை எடுத்துவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள். ஊற்றும் தண்ணீரை முதல்நாளே வாளியில் பிடித்து அறைக்குள் வைத்தால் குளிர் சமப்படும். டவுன் குழாய்த் தண்ணீர் என்றால் அதிலுள்ள குளோரினும் ஒருநாள் திறந்து வைக்க ஓரளவு பறந்துவிடும். முகாமில் பவுசர் தண்ணீர் குடித்தவர்களுக்கு அந்த மணம் நன்றாகத் தெரியும். மணம் இருந்தால் ஊற்ற வேண்டாம். அது பற்றீரியாவையும் கொல்லும், மீனையும் கொல்லும்.

நைத்திரைற்று ஏறும் நாட்களில் உப்பு உதவும். ஒரு லீற்றருக்கு ஒரு கிராம் கணக்கு. 50 லீற்றருக்கு மட்டமாக மூன்று மேசைக்கரண்டி. ஆனையிறவு உப்போ எந்த உப்போ, கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். நைத்திரைற்று செவுள் வழியாக உள்ளே போவதை அது தடுக்கும். கப்பி உப்பைத் தாங்கும். தண்ணீர் மாற்றும்போது, எடுத்த அளவுக்கு மட்டும் திரும்ப உப்புப் போடுங்கள். ஒவ்வொரு தடவையும் மூன்று கரண்டி போட்டால் தொட்டி கடலாகிவிடும்.

இப்போது சுத்தம் பற்றி. நம் பெண்களுக்கு ஒரு பொருள் வழுவழுவென்று இருந்தால் கை சும்மா இராது, சவர்க்காரம் போட்டுத் தேய்த்துவிடுவோம். ஹட்டன் தங்கச்சியும் மீன் சாகச் சாகத் தொட்டியை இறக்கி, கல்லையும் ஸ்பொஞ்சையும் தேய்த்துத் தேய்த்துக் கழுவியிருக்கிறார். அப்படித்தான் அவருக்குச் சொல்லிக் கொடுத்தார்களாம். ஒவ்வொரு கழுவலிலும் அப்போதுதான் குடியேறிய பற்றீரியா எல்லாம் போய்விட்டது. ஸ்பொஞ்ச் அடைத்துக்கொண்டால், தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே ஒருதரம் பிழிந்துவிட்டு வையுங்கள். சவர்க்காரம் வேண்டவே வேண்டாம். மலையில் மருந்தடிக்கும் டின்னையோ வாளியையோ மீன் வேலைக்கு எடுக்காதீர்கள். புல்லுக்கு மருந்தடித்த கிழமையில், அந்த மலைக்குக் கீழே வரும் பீலியில் தண்ணீர் பிடிக்கவும் வேண்டாம்.

அமோனியாவையும் நைத்திரைற்றையும் நிறம் மாறுவதைக் கொண்டு அளக்கும் டெஸ்ட் கிட் மீன் கடைகளில் கிடைக்கும். விலை கொஞ்சம் கூட. ஐந்து பேர் சேர்ந்து ஒன்றை வாங்குங்கள். இரண்டும் பூச்சியம் காட்டி, ஒரு கிழமை அப்படியே நின்றால், மேலும் ஐந்தாறு மீன் விடலாம். பத்து நாள் பொறுத்து இன்னும் ஐந்தாறு.

உதவி கொடுப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. தொட்டியையும் மீனையும் ஒரே மேடையில், ஒரே நாளில் கொடுத்துப் படம் எடுக்காதீர்கள். தொட்டியையும் பம்பையும் முதலில் கொடுங்கள். மீனை இரண்டு மாதம் கழித்துக் கொண்டுவாருங்கள். அறிக்கை அனுப்பப் பிந்தும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் செத்த மீனுக்காக ஒரு பெண் தன்னையே பழித்துக்கொள்வது எந்த அறிக்கையிலும் வருவதில்லை. பயிற்சி தேவையானவர்கள் தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகார சபையிடம் கேட்கலாம். 1999 இல் தொடங்கிய அரச நிறுவனம் அது. அலங்கார மீன் வளர்ப்பும் அவர்களுடைய வேலைகளில் ஒன்று.

ஹட்டன் தங்கச்சியின் மிஞ்சிய நாலு கப்பியில் மூன்று பெண். என் தொட்டி ஸ்பொஞ்சில் பாதியை வெட்டிக் கொடுத்தேன். மார்கழியில் முதல் குஞ்சுகள் வந்தன. இப்போது தொட்டி கொள்ளவில்லை என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். கூடிய மீனை யாரும் ஆற்றில் விடவேண்டாம், நம் மலையாற்று மீன்களுக்கு அது கேடு. கடைக்கு எப்படிக் கொடுப்பது, பொலித்தீன் பையில் எவ்வளவு தண்ணீர், எவ்வளவு காற்று என்பதை அடுத்த இதழில் எழுதுகிறேன்.