மயக்க மருந்து டாக்டர் பற்றாக்குறை

தாராவி மக்களுக்கு ஆஸ்பத்திரி என்றால் சயான் ஆஸ்பத்திரிதான். செம்பூர், கோவண்டிப் பக்கத்துச் சிறிய ஆஸ்பத்திரிகளில் முடியாத கேஸ்களும் அங்கேதான் வந்து சேருகின்றன. அரசு ஆஸ்பத்திரி எதுவானாலும், குறித்த நாளில் ஆபரேஷன் நடக்கவில்லை என்றால் நம்மவர்கள் சர்ஜனைத்தான் குறை சொல்கிறார்கள். சர்ஜன் தயாராக இருந்தும், மயக்க மருந்து கொடுக்க டாக்டர் இல்லாமல் மேசை காலியாகக் கிடக்கும் நாட்களும் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. தினக்கூலிக்காரனுக்கு அந்த ஒரு நாள் சாதாரண நாள் அல்ல. படுத்திருப்பவனுக்கும் கூலி இல்லை. துணைக்கு வந்தவனுக்கும் இல்லை.

மயக்க மருந்து கொடுப்பதென்றால் ஊசி போட்டுவிட்டுப் போவது என்றே பலர் நினைக்கிறார்கள். உண்மை வேறு. நோயாளி தூங்கியது முதல் கண் விழிக்கும் வரை அந்த டாக்டர் தலைமாட்டிலேயே இருக்க வேண்டும். மூச்சு, நாடி, ரத்த அழுத்தம் எல்லாம் அவர் பொறுப்பு. நான்கு மேசையில் ஆபரேஷன் நடந்தால் நான்கு பேர் வேண்டும். ஒரு லட்சம் மக்களுக்கு குறைந்தது 5 பேராவது தேவை என்று சர்வதேச மயக்கவியல் நிபுணர் கூட்டமைப்பு 2017-ல் சொன்னது. அப்போதைய கணக்கில் இந்தியாவில் 2 பேர்கூட இல்லை. இருப்பவர்களிலும் பெரும்பாலோர் பெரிய நகரங்களில்தான்.

நகரத்தில் இத்தனை பேர் இருந்தும் மாநகராட்சி ஆஸ்பத்திரிக்கு ஏன் ஆள் கிடைப்பதில்லை? காரணம் சம்பளம், அதைவிட, வேலையின் தன்மை. எம்.பி.பி.எஸ். முடித்து, மேலும் மூன்று ஆண்டு எம்.டி. படித்தவரை மாதத் தொகுப்பூதியத்துக்கு ஒப்பந்தத்தில் கூப்பிடுகிறார்கள். வெளியே தனியார் நர்சிங் ஹோம்களில் கேசுக்கு இவ்வளவு என்று பணம் வருகிறது. அதுவும் நிலையான வருமானம் அல்ல. நோயாளி சர்ஜனைத் தேடித்தான் வருகிறான், சர்ஜன் கூப்பிட்டால்தான் இவருக்கு வேலை. ஆகவே பென்ஷனோடு நிரந்தர வேலை கிடைக்குமானால் வரத் தயாராக இருப்பவர்கள் நிச்சயம் இருப்பார்கள். ஆறு மாத ஒப்பந்தத்துக்கு யார் வருவார்?

அரசு சும்மா இருந்ததாகச் சொல்ல முடியாது. கிராமப்புறப் பிரசவ ஆபரேஷன்களுக்காக எம்.பி.பி.எஸ். டாக்டர்களுக்கே சில மாத மயக்க மருந்துப் பயிற்சி கொடுக்கும் திட்டம் வந்தது. 2020-ல் தேசியத் தேர்வு வாரியம் இரண்டு ஆண்டு டிப்ளமோவைத் தொடங்கியது. அரசுப் பணியில் இருக்கும் டாக்டர்களுக்கு மேற்படிப்பில் இட ஒதுக்கீடு தரும் உரிமை மாநிலங்களுக்கு உண்டு என்று, தமிழ்நாட்டு டாக்டர்கள் தொடுத்த வழக்கில் 2020 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. இவை எல்லாம் படித்தவர் தொகையைக் கூட்டும். படித்தவரை அரசு ஆஸ்பத்திரியில் நிறுத்தி வைக்க வேண்டுமானால் சம்பளத்தைத்தான் பார்க்க வேண்டும்.

இதில் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஒரு விஷயம் உண்டு. மயக்க மருந்து டாக்டருக்குப் பக்கத்தில் ஒரு டெக்னீசியன் நிற்கிறார். இயந்திரத்தைச் சோதிப்பது, ஆக்சிஜன் அளவு பார்ப்பது, குழாய்களையும் மருந்துகளையும் எடுத்து வைப்பது அவர் வேலை. டாக்டர் குறையக் குறைய இவரது பாரம் ஏறுகிறது. 2021-ல் வந்த மத்திய சட்டம் இந்தத் தொழிலையும் பட்டியலில் சேர்த்து அங்கீகரித்திருக்கிறது. பிளஸ் டூவில் அறிவியல் படித்த பிள்ளைகளுக்கு நல்ல வழிதான். ஆனால் மாடிப்படி ஏறி இரண்டு அறையில் நடக்கும் 'இன்ஸ்டிடியூட்'டில் கடன் வாங்கிப் பணம் கட்டுமுன், அது நாசிக்கில் உள்ள மகாராஷ்டிர சுகாதார அறிவியல் பல்கலைக்கழகத்தைப் போன்ற ஒரு பல்கலைக்கழகத்தின் அங்கீகாரம் பெற்றதா, பயிற்சி எந்த ஆஸ்பத்திரியில் என்று எழுத்தில் கேளுங்கள். ஊரில் சேர்க்க நினைப்பவர்கள் பிறப்பிடச் சான்றிதழ் விஷயத்தை முன்கூட்டியே விசாரிப்பது நல்லது.

அமெரிக்காவில் நர்சே மயக்க மருந்து கொடுக்கிறார், ஆண்டுக்கு 2 லட்சம் டாலர் வாங்குகிறார் என்று யாராவது ஆசை காட்டினால் நம்பிவிட வேண்டாம். செய்தி உண்மைதான், ஆனால் அது நர்சு வேலைக்கு மேல் பல ஆண்டு படித்து வாங்கும் தகுதி. இங்கே டெக்னீசியன் தானாக மயக்க மருந்து கொடுக்கக் கூடாது. கொடுக்கச் சொல்லும் நர்சிங் ஹோமில் வேலை பார்த்தால், தவறு நேரும்போது மாட்டிக்கொள்பவன் நம் பிள்ளைதான்.

மாநகராட்சியின் பட்ஜெட் ஆண்டுதோறும் பிப்ரவரியில் வருகிறது. கட்டடத்துக்கும் இயந்திரத்துக்கும் எவ்வளவு கோடி என்று அதில் சொல்கிறார்கள். ஒவ்வொரு ஆஸ்பத்திரியிலும் மயக்க மருந்து டாக்டர், டெக்னீசியன் பதவிகள் எத்தனை, அவற்றில் காலி எத்தனை, ஒப்பந்தத்தில் எத்தனை என்பதையும் அதோடு வெளியிட வேண்டும். வார்டு உறுப்பினர் ஓட்டுக் கேட்டு வரும்போது நம்மவர்கள் தண்ணீரையும் கழிப்பறையையும் கேட்கிறார்கள். இந்தக் கணக்கையும் சேர்த்துக் கேட்கட்டும்.