சேமித்தால் மட்டும் போதுமா?

வண்டலூரிலிருந்து கேளம்பாக்கம் செல்லும் சாலையில், கீழக்கோட்டையூரில், லைஃப்செல் நிறுவனத்தின் தொப்புள்கொடி ரத்த வங்கி இருக்கிறது. பிரசவ அறையில் காலங்காலமாக நஞ்சுக்கொடியோடு சேர்த்துக் கழித்துவந்த ரத்தம், இங்கே திரவ நைட்ரஜனின் கடுங்குளிரில் உறைந்து காத்திருக்கிறது. 2004-இல் சென்னையில் தொடங்கிய இந்த முயற்சிக்குப் பின் மேலும் பல வங்கிகள் நாடெங்கும் வந்தன. பிள்ளைக்கு நாளை ஏதாவது ஆகிவிட்டால் என்ற கவலையோடு பெற்றோர் பணம் கட்டினார்கள். இருபது ஆண்டுகள் கடந்துவிட்ட நிலையில், அந்த ரத்தம் யாருக்கு எப்படிப் பயன்படும் என்று நிதானமாகக் கேட்க வேண்டியிருக்கிறது. அந்தக் கேள்விக்கு விடை காண, அதில் உள்ள ரத்த ஸ்டெம் செல், அதாவது ரத்த அணுக்களை உருவாக்கும் தாய்ச்செல், யாருடைய சொல் கேட்டு நடக்கிறது என்ற வரலாற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

1961-இல் டொராண்டோவில் ஜேம்ஸ் டில், எர்னஸ்ட் மெக்கல்லக் இருவரும், கதிர்வீச்சால் எலும்பு மஜ்ஜை அழிந்த எலிகளுக்கு வேறு எலிகளின் மஜ்ஜையைச் செலுத்தினார்கள். எலிகளின் மண்ணீரலில் சிறு முடிச்சுகள் தோன்றின. ஒவ்வொரு முடிச்சும் ஒரே செல்லின் வம்சம் என்பது பிறகு உறுதியானது. 1978-இல் மான்செஸ்டரில் ரே ஸ்கோஃபீல்டு இன்னும் ஆழமாகப் பார்த்தார். இந்தத் தாய்ச்செல்லின் தன்மையைக் காப்பாற்றுவது அது குடியிருக்கும் இடம்தான் என்றார் அவர்.

அந்த இடம் அதை எப்படிக் காக்கிறது என்பது பின்வந்த ஆண்டுகளில் ஒவ்வொன்றாகத் தெரியவந்தது. மஜ்ஜையில் உள்ள துணைச்செல்கள் சிஎக்ஸ்சிஎல்12 என்ற புரதத்தைச் சுரக்கின்றன. ஸ்டெம் செல்லின் மேற்பரப்பில் உள்ள சிஎக்ஸ்சிஆர்4 என்ற ஏற்பி அதைப் பற்றிக்கொள்ள, செல் அங்கேயே தங்குகிறது. கல்லீரலில் உருவாகும் த்ரோம்போபோயட்டின் அதை ஓய்வில் வைத்துக் காக்கிறது. ஏற்பியில் விழும் செய்தி, செல்லுக்குள் புரதம் புரதமாகக் கைமாறி மரபணுக்களை எட்டுகிறது. உறங்குவதா, பிரிவதா, எந்த அணுவாக மாறுவது என்பது அங்கே முடிவாகிறது. நம் உடலில் நாளொன்றுக்குச் சுமார் 20,000 கோடி சிவப்பணுக்கள் பிறப்பது இந்த ஒழுங்கினால்தான். மஜ்ஜை மாற்று சிகிச்சையில் ரத்தநாளம் வழியே ஏற்றிய செல்கள் மஜ்ஜையைத் தேடிச் சேர்வதற்கும் இதே சமிக்ஞைகள்தான் வழிகாட்டுகின்றன.

ஒழுங்கு குலைந்தால் நோய் வருகிறது. நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோயில், பிசிஆர்-ஏபிஎல் என்ற கோளாறான புரதம் ‘பெருகு’ என்ற ஆணையை ஓயாமல் இடுகிறது. அந்த ஆணையை அடைக்கும் இமாட்டினிப் 2001-இல் மருந்தாக வந்தது. சில ஆண்டுகளில் உயிரைப் பறித்துவந்த நோயோடு, மாத்திரை சாப்பிட்டபடி பல்லாண்டு வாழ முடிந்தது.

இந்த வெளிச்சத்தில் தொப்புள்கொடி ரத்தத்தைப் பார்ப்போம். 1988-இல் பாரிஸில் எலியான் குளுக்மன், ஃபேன்கோனி ரத்தசோகை உள்ள சிறுவனுக்கு உலகின் முதல் தொப்புள்கொடி ரத்த மாற்று சிகிச்சையைச் செய்தார். ஏற்றியது அவன் தங்கையின் ரத்தம். பரம்பரை நோயுள்ள குழந்தையின் சொந்த ரத்தத்திலும் அதே மரபணுப் பழுது இருக்கும். தலசீமியாவுக்கும் இது பொருந்தும். பின்னாளில் தன் சொந்த உபயோகத்துக்கு என்று ஒருவரின் தொப்புள்கொடி ரத்தத்தைச் சேமிப்பதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சொல்லியிருக்கிறது. லைஃப்செல்லும் 2017-இல், உறுப்பினர்கள் ஒருவருக்கொருவர் பகிர்ந்துகொள்ளும் சமூக வங்கி முறைக்கு வந்தது. அது சரியான திசை.

இன்னொரு தடையும் உண்டு. ஒரு பை தொப்புள்கொடி ரத்தத்தில் உள்ள செல்கள், வளர்ந்த ஒருவருக்குப் பெரும்பாலும் போதாது. விதைநெல்லைக் குதிரில் வைத்திருப்பவருக்கு மண்ணும் மழையும் தெரிந்திருந்தால்தான் அது பயிராகும். ஆய்வுக்கூடத்தில் ஸ்டெம் செல்லைப் பெருக்க முயன்றால், அது முதிர்ந்து தன் தன்மையை இழந்துவிடும். எந்தச் சமிக்ஞையை அடக்கினால் முதிராமல் பெருகும் என்ற தேடலில் 2010-இல் எஸ்ஆர்1 என்ற மூலக்கூறு கிடைத்தது. நிக்கோட்டினமைடு கொண்டு பெருக்கிய தொப்புள்கொடி செல் சிகிச்சைக்கு 2023-இல் அமெரிக்கா அனுமதி தந்தது. சேமிப்பைப் பயனாக மாற்றியது இந்த அடிப்படை ஆய்வுதான்.

நம் மாநிலத்திலேயே இதற்குச் சான்று உண்டு. வேலூர் சிஎம்சியில் 1986-இல் டாக்டர் மேமன் சாண்டி எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சையைத் தொடங்கினார். அங்கே ஸ்டெம் செல் ஆராய்ச்சி மையமும் உருவானது. 2024-இல், கடுமையான ஹீமோபிலியா உள்ள ஐந்து பேருக்கு, அவரவர் ரத்த ஸ்டெம் செல்லிலேயே சரியான மரபணுவைச் சேர்த்துச் செலுத்திய சிகிச்சையின் முடிவு வெளிவந்தது. டாக்டர் அலோக் ஸ்ரீவாஸ்தவா குழுவினர் செய்த பணி அது. அந்தச் செல்கள் சிகிச்சையின்போதே நோயாளிகளிடமிருந்து எடுக்கப்பட்டவை. பிறந்தநாளில் சேமித்த ரத்தம் எதுவும் தேவைப்படவில்லை. தேவைப்பட்டது, கிட்டத்தட்ட நாற்பது ஆண்டுகள் தளராமல் வளர்த்த அறிவு.

ஆகவே நம் கடமைகள் தெளிவாக இருக்கின்றன. பிரசவத்துக்கு வரும் தம்பதியருக்கு மருத்துவர்கள் இந்த உண்மைகளைப் பணப் பேச்சுக்கு முன்பே சொல்ல வேண்டும். தொப்புள்கொடியை வெட்டுவதற்கு முன் ஒரு நிமிடமாவது காத்திருந்தால், குழந்தைக்கு இரும்புச்சத்து கூடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ரத்தசோகை மலிந்த நாட்டில் அந்த ரத்தத்தின் முதல் உரிமை குழந்தைக்குத்தான். 2009 முதல் சென்னையிலிருந்து இயங்கும் தாத்ரி போன்ற ஸ்டெம் செல் கொடையாளர் பதிவேடுகளில், 18 வயது நிறைந்தவர்கள் கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் தடவிக் கொடுத்துப் பெயர் சேர்க்கலாம்.

கேளம்பாக்கத்தில் மருத்துவக் கல்லூரி இருக்கிறது, பக்கத்திலேயே அந்தத் தொப்புள்கொடி ரத்த வங்கியும் இருக்கிறது. இங்கே ரத்த ஸ்டெம் செல்லின் சமிக்ஞைகளைப் படிக்கும் இளம் ஆய்வாளர்களுக்கு நிலையான ஊதியமும் நல்ல ஆய்வுக்கூடமும் கிடைத்தால், வேலூரில் பலித்தது இங்கும் பலிக்கும். உடனடிப் பலன் கேட்காமல் இருபது ஆண்டுகள் பொறுத்திருக்கும் மனம் மட்டும் அரசுக்கும் நமக்கும் வேண்டும்.